உருண்டுபோன உயிரணுக்கள்

கேள்வி: நான் உயிரித் தொழில்நுட்பம் பயிலும் மாணவி. வளர்ப்புத் தட்டில் இருமுனையும் கூம்பி நீண்டிருந்த ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத் திசு உயிரணுக்களை வேறு தட்டுக்கு மாற்றுவதற்காக, புரதங்களை வெட்டும் நொதியான டிரிப்சினை ஊற்றினேன். சில நிமிடங்களில் எல்லாம் உருண்டைகளாகிவிட்டன. இறந்துவிட்டன என்றே நினைத்தேன். மறுநாள் பார்த்தால் பழைய வடிவத்தில் இருந்தன. அந்த வடிவம் இடையில் எங்கே போயிற்று?

பதில்: கயிறுகளால் இழுத்துக் கட்டிய கூடாரம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். துணியும் கயிறும் பழுதின்றி இருந்தாலும் முளைகளைப் பிடுங்கினால் கூடாரம் சரிந்துவிடும். உயிரணுவுக்கு முளையாக இருப்பவை அதன் சவ்வை ஊடுருவி நிற்கும் இன்டெக்ரின் என்னும் புரதங்கள். இவை வெளிப்பக்கம் தட்டின் மேல் படிந்துள்ள ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்களைப் பற்றிக்கொள்கின்றன. உட்பக்கம் ஆக்டின் என்னும் புரதத்தாலான இழைகளோடு இணைந்திருக்கின்றன. ஏறத்தாழ 7 நானோமீட்டர் தடிமனுள்ள அந்த இழைகள் கற்றைகளாகச் சேர்ந்து, மயோசின் என்னும் மற்றொரு புரதத்தின் இழுப்பால் எப்போதும் விறைப்பாகவே நிற்கின்றன. கூடாரக் கயிறு தானாக இழுக்காது, இது இழுக்கும் என்பதுதான் வேறுபாடு. 1980இல் ஆல்பர்ட் ஹாரிஸும் உடன் ஆய்வாளர்களும் மெல்லிய சிலிக்கோன் ரப்பர் படலத்தின் மேல் ஃபைப்ரோபிளாஸ்டுகளை வளர்த்தபோது, அந்த இழுப்பில் படலமே சுருக்கம் விழுந்து மடிந்தது.

டிரிப்சின் இந்த வெளிப்பிடியை வெட்டுகிறது. பிடி போனதும், எதிர்த்து நிற்க ஏதுமில்லாத உள்ளிழுப்பு உயிரணுவை உருண்டையாக்குகிறது. நீங்கள் பின்னர் சேர்த்த வளர்ப்பூடகத்திலுள்ள சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) டிரிப்சினைச் செயலிழக்கச் செய்வதோடு, புதிய தட்டில் ஒட்டுவதற்கான புரதங்களையும் தந்துவிடுவதால், உயிரணு மீண்டும் முளையடித்துக்கொண்டு விரிகிறது. நீண்ட வடிவத்துக்கு 25 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழல்கள் என்னும் புரதக் குழாய்களும் வேண்டும். கால்ச்சிசின் என்னும் மருந்தால் அவற்றைக் கலைத்துவிட்டால் ஃபைப்ரோபிளாஸ்ட் விரிந்தே இருக்கும், ஆனால் முன் பின் என்னும் திசையை இழந்துவிடும். உருண்டையாக இருப்பது மட்டுமே சாவின் அடையாளமாகாது. பிளவுபடும் உயிரணுவும் அந்நேரத்தில் உருள்கிறது. டிரிப்சினில் தேவைக்கு மேல் விட்டுவைப்பது மட்டும் உண்மையான கேடு.

கேள்வி: காலில்லாத உயிரணு தட்டின் மேல் எப்படி நகர்கிறது? உட்கருதான் வழிநடத்துகிறதா? (மற்றொரு வாசகர்)

பதில்: மேலே சொன்ன அதே பொருள்களைக் கொண்டுதான் நகர்கிறது. முன்விளிம்பில் ஆக்டின் மூலக்கூறுகள் இழைகளின் நுனியில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து சவ்வை வெளியே தள்ள, மெல்லிய விசிறி போன்ற மடல் ஒன்று நீளுகிறது. அதன் அடியில் புதிய பிடிகள் அமைகின்றன, மயோசின் உடலை முன்னோக்கி இழுக்கிறது, கடைசியில் வால் தன் பழைய பிடிகளிலிருந்து பிய்ந்து வருகிறது. இந்தக் கடைசிக் கட்டந்தான் பல உயிரணுக்களுக்குச் சிரமமானது. விட்டுப்போகாத வால் நூலாக இழுபட்டு, திடீரென அறுந்து சுருங்குவதைக் காணலாம். ஃபைப்ரோபிளாஸ்ட் ஒரு மணி நேரத்தில் சில பத்து மைக்ரோமீட்டர்தான் செல்லும். மீன் செதிலிலிருந்து எடுக்கப்படும் கெரட்டோசைட் என்னும் தோல் உயிரணு அத்தொலைவைச் சில நிமிடங்களில் கடந்துவிடும்.

உட்கரு இதற்குக் கட்டாயமன்று. கெரட்டோசைட்டிலிருந்து பிரிந்த, உட்கருவற்ற துணுக்குகளும் தாமாகவே ஊர்ந்து செல்வதை 1984இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எங்கே நிற்பது என்பதையும் பெரும்பாலும் விளிம்பே முடிவு செய்கிறது. ஒரு ஃபைப்ரோபிளாஸ்டின் மடல் அடுத்ததைத் தொட்டதும் அவ்விடத்தில் அதன் அசைவு அடங்கி, உயிரணு வேறு பக்கம் திரும்புகிறது. மைக்கேல் ஏபர்கிராம்பியும் ஜோன் ஹேஸ்மனும் 1950களில் விவரித்த இதைத் தொடுகைத் தடை என்பர்.

நுண்ணோக்கியில் ஃபைப்ரோபிளாஸ்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நகர்வதாகத் தோன்றாது. தட்டை 37 டிகிரி செல்சியஸில் வைத்து, 2 நிமிடங்களுக்கு ஒரு படமாகச் சில மணி நேரம் எடுத்து ஓட்டிப் பாருங்கள்; முன்விளிம்பு அலையலையாக மடிந்து பின்னோக்கிச் சுருள்வது தெளிவாகத் தெரியும்.