எந்த மெடிக்கலில் மருந்து வாங்குவது?

கேள்வி: எங்கள் தெருவில் இரண்டு மெடிக்கல் ஷாப் இருக்கின்றன. ஒன்றில் 20 சதவீதம் தள்ளுபடி. சீட்டை நீட்டினால் உடனே மருந்து கைக்கு வந்துவிடும். இன்னொன்றில் தள்ளுபடி குறைவு, அதோடு ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரைக்கும் பிபிக்கும் மாதாமாதம் மருந்து வாங்க வேண்டும். எதில் வாங்கலாம்? (வாசகி, திருச்சி)

பதில்: கேள்வி கேட்கிற கடையிலேயே வாங்குங்கள்.

போன மாதம் ஒரு கடையில் நின்றிருந்தேன். பெரியவர் ஒருவர் வந்து மூட்டு வலிக்கு டைக்ளோபினாக் மாத்திரை கேட்டார். கவுன்டரில் இருந்த பெண் உடனே எடுத்துத் தரவில்லை. "ஐயா, பிபிக்கு ஏதும் சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். பெரியவர் சட்டைப் பையிலிருந்து கசங்கிய அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். "அப்போ இது வேண்டாங்கய்யா. பிபியை ஏத்திடும், கிட்னிக்கும் ஆகாது. டாக்டரைக் கேட்டுட்டு வாங்க" என்று தைலம் மட்டும் கொடுத்து அனுப்பினார். ஒரு வியாபாரத்தை விட்டுக்கொடுத்துச் செய்த காரியம் அது. உங்கள் அப்பாவுக்கு வேண்டியது அப்படிப்பட்ட கடைதான்.

கடையில் சுவரைப் பாருங்கள். உரிமத்தைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துத் தர வேண்டியவர் பதிவு பெற்ற மருந்தாளுநர். சில இடங்களில் சான்றிதழ் மட்டும் சுவரில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். "பார்மசிஸ்ட் யாருங்க?" என்று தயங்காமல் கேளுங்கள். அட்டையில் சிவப்புக் கோடு போட்ட ஆன்டிபயாடிக்கைச் சீட்டே இல்லாமல் தருகிற கடையா? அங்கே போகாதீர்கள். இன்சுலின் தேவைப்பட்டால் பிரிட்ஜிலிருந்து எடுக்கிறார்களா என்று கவனியுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து அது.

சரி, தள்ளுபடிக்கு வருவோம். தள்ளுபடி தருவது தப்பில்லை. ஆனால் விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளுக்கு அரசு விலை நிர்ணயிக்கும்போது சில்லறைக் கடைக்குச் சேர்ப்பது 16 சதவீத லாபம்தான். அதற்கும் மேலே கழித்துத் தருகிறார்கள் என்றால், பில்லையும் சீட்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். டாக்டர் எழுதிய மருந்துதானா, மில்லிகிராம் அதேதானா? "அதே மருந்துதான், கம்பெனி மட்டும் வேற" என்பார்கள். சீட்டில் உள்ள மருந்தைக் கடைக்காரர் தன்னிஷ்டத்துக்கு மாற்றித் தர விதிகளில் இடமில்லை. செலவைக் குறைக்க வேண்டுமானால் டாக்டரிடமே சொல்லி, மூலப்பொருளின் பெயரில் எழுதி வாங்குங்கள். அப்புறம் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களிலோ விசாரித்துப் பாருங்கள். மாதாந்திர மருந்துக்கு இதில் நல்ல மிச்சம் கிடைக்கும்.

கேள்வி: நான்கு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருகிறார்கள். காலாவதித் தேதி கடையிலேயே தங்கிவிடுகிறது. பில் கேட்டால் முகம் மாறுகிறது. என்ன செய்வது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: வெட்டும் முன்பே அட்டையை வாங்கித் தேதியைப் பாருங்கள். மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம். தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள முனையைக் கடைசி வரை வெட்டாமல் வைத்திருப்பதுதான் ஒழுங்கான கடையின் பழக்கம். பில் கேட்பது உங்கள் உரிமை, முகம் மாறினாலும் கேளுங்கள். பேட்ச் எண் அதில் பதிவாகும் என்பதால், வெட்டிய அட்டைக்கும் அதுதான் ஆதாரம்.

பில் தர மறுத்தாலோ எம்ஆர்பிக்கு மேல் வாங்கினாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். மருந்திலேயே சந்தேகம் என்றால் உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மீதி மாத்திரைகளை அட்டையோடு பத்திரமாக வைத்திருங்கள். உதிர்த்து டப்பாவில் போட்டுவிட்டால் அது எந்தக் கம்பெனி, எந்த பேட்ச் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.