அடிபம்பும் ஒரு சொம்புத் தண்ணீரும்

அன்புள்ள ஐயா,
உலகம் அழிந்த பிறகு கடலூரில் உயிர் பிழைத்திருக்கும் ஒருவனைப் பற்றி நாவல் எழுதுகிறேன். பத்து வருடம் கழித்தும் அவன் காரில் சுற்றுகிறான். துப்பாக்கியோடு தனியாக ஒரு கிணற்றைக் காக்கிறான். நம்பும்படி இருக்கிறதா? முதல் அத்தியாயம் இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகர், புதுச்சேரி

அன்புள்ள தம்பி,

பெட்ரோல் ஒரு வருடத்துக்குள்ளேயே கெட ஆரம்பித்துவிடும். காரை விட்டுவிட்டு அவனுக்கு ஒரு சைக்கிள் கொடுங்கள். துப்பாக்கி உங்கள் இஷ்டம். ஆனால் ‘தனியாக’ என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை. வெளியே வந்து பார்த்தால் எங்கள் தெருவில் ஒரு மின்கம்பம் நிற்கவில்லை. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மாடித் தொட்டி ஒரே நாளில் காலி. தெருமுனையில் யாரும் தொடாத பழைய அடிபம்பு ஒன்று இருந்தது. மாறி மாறி அடித்தோம். வெறும் காற்றுதான் வந்தது.

கோடி வீட்டு ஆயா வந்து திட்டினார்: “தோலு காஞ்சி கெடக்குது, மேல தண்ணி ஊத்துங்கடா!” உள்ளே இருப்பது தோல் வாஷர். காய்ந்தால் சுருங்கிக் காற்றை விட்டுவிடும், தண்ணீரை இழுக்காது. ஊறினால் உப்பிக் குழாயோடு ஒட்டிக்கொள்ளும். புயல் மழையில் நிரம்பிய அண்டாவிலிருந்து ஒரு சொம்பு ஊற்றினோம். ஆயா பொறுக்கச் சொன்னார். அப்புறம் இன்னொரு சொம்பு. அடித்தால் முதலில் துருத் தண்ணீர், பிறகு தெளிந்த தண்ணீர். ஆறாம் நாள் வாஷர் கிழிந்தது. செருப்புத் தைப்பவர் பழைய தோல் பையிலிருந்து வட்டமாக ஒன்று வெட்டிக் கொடுத்தார். கரண்ட் வரும்வரை தெருவே அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது.

உங்கள் ஆளுக்கு வாஷர் வெட்டத் தெரியுமா? கிணற்றுக் கயிறு அறுந்தால் முறுக்கித் தர யார் இருக்கிறார்கள்? அவன் சுட்டுத் தள்ளியவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருக்குமே! இதைக்கூட யோசிக்காமல் நாவல் எழுத உட்காரலாமா?

முதல் அத்தியாயத்தில் உப்பனாற்றின் சேற்று வாசனை அப்படியே வருகிறது. கை இருக்கிறது உங்களுக்கு. அதனால்தான் திட்டுகிறேன்.

ஆயா போய்ச் சேர்ந்துவிட்டார். வாய்க்கால் கட்டும்போது பம்பையும் பிடுங்கிவிட்டார்கள். 2015 வெள்ளத்தில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். குடிக்க ஒரு குடம் பிடிக்க, லாரி வரும் என்று அதே முனையில் நின்றிருந்தோம்.