குளிர் வந்ததும் சன்டியூ செடி கறுத்துப்போனா செத்துருச்சுன்னு அர்த்தமா? ஃபிரிட்ஜ்ல வைக்கணுமா?

நீங்க சொல்றத வச்சுப் பார்த்தா உங்ககிட்ட இருக்கிறது ட்ரோசெரா ரோட்டண்டிஃபோலியாங்கிற சன்டியூ இனம் (சன்டியூன்னா இலைல இருக்கிற பிசின் முடியால பூச்சியப் பிடிச்சுத் திங்கிற செடி), இலையெல்லாம் கறுத்து தரையோட படிஞ்சிருச்சு, நடுவுல ஒரு பச்சை மொட்டு மட்டும் நிக்குது. தயவுசெஞ்சு தூக்கிப் போட்றாதீங்க, செடி உயிரோடதான் இருக்கு. அந்த மொட்டுக்குப் பேரு ஹைபர்னாகுலம். கிட்டப்போய் பாருங்க, குட்டி முட்டைக்கோஸ் மாதிரி இலை மேல இலை இறுக்கமா சுருண்டு இருக்கும், பிசின் முடி ஒண்ணுகூட இருக்காது. பகல் குறைஞ்சு குளிர் ஏற ஏற செடி தன்னோட சத்தையெல்லாம் அதுக்குள்ள இழுத்து வச்சுக்கிட்டு பழைய இலையையும் வேர்ல பெரும்பகுதியையும் கைவிட்ரும்.

சந்தேகமா இருந்தா டூத்பிக்கால மெல்ல தொட்டுப் பாருங்க. கெட்டியா இருந்தா நல்லாருக்கு, பழுப்பா கொழகொழன்னு இருந்தா அழுகிருச்சு.

ஆனா ஃபிரிட்ஜ் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி உங்க செடி எந்த இனம்னு உறுதி பண்ணிக்கோங்க, ஏன்னா எல்லா சன்டியூவும் தூங்காது, இதை சரியா சொல்லாம "குளிர்காலம்னா ஃபிரிட்ஜ்"னு பொதுவா சொல்லிட்டுப் போறதுதான் எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், நல்லா இருந்த செடி அதனாலயே சாகுது. ரோட்டண்டிஃபோலியா, ஆங்ளிகா, ஃபிலிஃபார்மிஸ், அப்புறம் இன்டர்மீடியாவோட குளிர்ப்பிரதேச வகை, இதுங்களுக்குத்தான் குளிர்கால டார்மன்சி, அதாவது வளராம தூங்குற காலம், வேணும். கேபென்சிஸ், அலிசியே, ஸ்பாட்டுலாட்டா இதெல்லாம் வருஷம் முழுக்க வளரும், குளிர்ல கொஞ்சம் மெதுவாகும், அவ்ளோதான். பர்மானி பெரும்பாலும் ஒரு வருஷச் செடி, பூத்து விதை விட்டுட்டுப் போயிரும், விதைய எடுத்து வச்சுக்கோங்க. கிழங்கு வைக்கிற ஆஸ்திரேலிய வகைங்க நேர் எதிர், குளிர்ல வளர்ந்து வெயில் காலத்துல காஞ்சு மண்ணுக்குள்ள தூங்கும்.

உங்களோடதுக்கு 3லேர்ந்து 4 மாசம் 0 - 10 டிகிரி செல்சியஸ் குளிர் வேணும். வெளியிலயே அந்தக் குளிர் இருக்கிற இடம்னா தொட்டிய அங்கேயே விட்ருங்க, தட்டுல தண்ணி நிக்க வேணாம், மண்ணு ஈரமா இருந்தா போதும், காஞ்சு போகவும் விடாதீங்க.

அவ்ளோ குளிர் இல்லாத இடம்னாதான் ஃபிரிட்ஜ். மொட்டை மெதுவா எடுத்து, கறுத்த இலையக் கத்தரிச்சுட்டு, ஸ்பேக்னம் பாசிய நனைச்சு நல்லா பிழிஞ்சு அதுல சுத்தி ஜிப் கவர்ல போட்டு காய்கறி வைக்கிற தட்டுல வைங்க. ஃப்ரீசர்ல வேண்டாம். இங்க பெரிய எதிரி குளிர் இல்ல, பூஞ்சைதான், சாம்பல் நிறத்துல பஞ்சு மாதிரி படரும், ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ திறந்து பாருங்க, கந்தகப் பவுடர் லேசா தூவி வச்சா இன்னும் நல்லது. ஒரு விஷயம், இன்னும் பச்சையா வளர்ந்துட்டு இருக்கிற செடிய நேரா ஃபிரிட்ஜ்ல போடக்கூடாது, மொட்டு முழுசா மூடின பிறகுதான்.

தூக்கத்தையே விட்டுட்டு வெதுவெதுப்பா லைட்டுக்கு அடியில வச்சுக்கலாமேன்னு தோணும். ஒரு வருஷம் தாக்குப்பிடிக்கலாம், ஆனா போகப்போக செடி சோர்ந்து இலை சின்னதாகி பெரும்பாலும் போயிரும்.

வெளியில எடுக்கும்போது பீட்டும் (மக்கிப்போன பாசி) மணலும் கலந்த மண்ணுல கூர்முனை மேல பார்க்கிற மாதிரி வைங்க, வேர் அதிகம் இருக்காதுங்கிறதால மேலேர்ந்து தண்ணி ஊத்துனா புரண்டு போயிரும், அடித்தட்டுலதான் ஊத்தணும். மழைத்தண்ணி, டிஸ்டில்டு, ஆர்ஓ இதுல எதுவும் சரி, டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) 50 பிபிஎம்முக்குக் கீழ இருக்கட்டும், உரம் கூடவே கூடாது. வெளிச்சத்தக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. முதல்ல வர்ற இலைல பிசின் துளி இல்லைன்னா பயப்படாதீங்க, துளி வர்ற வரைக்கும் பூச்சி எதுவும் வச்சு ஊட்டாதீங்க.