கருவி இல்லாமல் காட்டில் ஐந்து இரவு: பாதயாத்திரை போகும் ஆசிரியருக்கு ஒரு பதில்

கேள்வி: டொக்டர், நான் களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஆசிரியர். வயது 52. தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய்க்காக இரண்டு வருடமாக, மாஸ்க் வழியாகக் காற்றை ஊதும் சீபாப் கருவி போட்டுத் தூங்குகிறேன். பரிசோதனை அறிக்கையில் மணிக்கு 38 தடவை தடைப்படுவதாக இருந்தது. மல்லாந்து படுத்தபோது 52, ஒருக்களித்தபோது 14. பிரஷருக்கு ஒரு மாத்திரை எடுக்கிறேன், இப்போது கட்டுப்பாட்டில் இருக்கிறது. கருவி வருவதற்கு முன்பு இரண்டு தடவை உகந்தை முருகன் கோயிலிலிருந்து காட்டு வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்திருக்கிறேன். இந்த ஆண்டும் நேர்த்தி இருக்கிறது. காட்டுக்குள் ஐந்து இரவு மின்சாரம் கிடையாது. போன மாரியில் வெள்ளத்தோடு மூன்று நாள் மின்சாரம் நின்றபோது, மூன்றாம் நாள் வகுப்பில் கதிரையிலேயே தூங்கிவிழுந்தேன். ஒரு காலத்தில் கருவி இல்லாமல் தூங்கியவன்தானே நான்! இப்போது கருவிக்கு அடிமையாகிவிட்டேனா? யாத்திரை போகலாமா? திரும்பும்போது வீட்டாரை ஏற்றிக்கொண்டு வானை நானே ஓட்டுவது வழக்கம்.

பதில்: கடைசி வரியைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் கருவிக்கு அடிமையாகவில்லை. கல்லடிக் கடற்கரையில் இளநீர் குடிக்கும்போது காகித உறிஞ்சியைக் கவனித்திருப்பீர்கள். நனைந்து தளர்ந்த பிறகு பலமாக உறிஞ்சினால் நடுவில் ஒட்டிக்கொள்ளும்; உறிஞ்ச உறிஞ்ச இன்னும் இறுகும். தூக்கத்தில் உங்கள் தொண்டைக்கு நடப்பதும் இதுதான். தசைகள் தளர்கின்றன, நாக்கின் அடிப்பகுதி பின்னே சரிகிறது, மூச்சை இழுக்கும் விசையே குழாயை ஒட்டவைக்கிறது. பத்து விநாடிக்கு மேல் அப்படி நின்றால் அதை ஒரு தடையாக எண்ணுகிறோம். 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர், உள்ளிருந்து காற்றை ஊதி அந்தக் குழாயைத் திறந்து வைக்கலாம் என்று காட்டினார். கருவி செய்வது அவ்வளவுதான். தசைக்குப் பலம் ஏற்றுவதும் இல்லை, பலவீனமாக்குவதும் இல்லை. ஊதுவதை நிறுத்தினால் குழாய் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

அப்படியானால் முன்பு சமாளித்தீர்களே? சமாளிக்கவில்லை என்பதே என் கணிப்பு. பாடசாலை விட்டு வந்து சோறு தின்றதும் கண் சொருகியதை வெயில் என்றும், காலைத் தலையிடியைப் பனி என்றும், எரிச்சலை வயது என்றும் நினைத்துக் காலம் தள்ளியிருப்பீர்கள். நல்ல தூக்கம் எப்படியிருக்கும் என்று உடம்பு மறந்திருந்தது. இப்போது தெரிந்துவிட்டது, அதனால் மூன்று கெட்ட இரவுகள் உறைக்கின்றன.

கருவியை நிறுத்தினால் எவ்வளவு வேகமாகப் பழைய நிலை திரும்பும்? பெரும்பாலானோருக்கு முதல் ஓரிரு இரவுகளிலேயே மூச்சுத்தடை வந்துவிடும். பகல் தூக்கம் அடுத்தடுத்த நாட்களில் தலைகாட்டும். நன்றாகப் பழகியவர்களிடம் இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்த ஆய்வுகளில் காலைநேர இரத்த அழுத்தமும் ஏறியது. நல்ல செய்தி ஒன்றும் உண்டு. சில இரவுகள் தவறியதால் இரண்டு வருட நன்மை அழிந்துவிடாது. திரும்பி வந்து மாஸ்க்கைப் போட்டதும் பழைய நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

இனி காடு. மணிக்கு 30க்கு மேல் என்றால் கடுமையான நோய். உங்களுடையது 38. "போகாதீர்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் நேர்த்தி வைத்தவர் அந்த வரியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார் என்பது எனக்குத் தெரியும். அறிக்கையில் உங்களுக்குச் சாதகமான இலக்கம் ஒன்று இருக்கிறது: ஒருக்களித்தால் 14. இந்த நோயாளர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் படுக்கும் விதத்தால் இவ்வளவு வித்தியாசம் இருக்கும். மல்லாந்து படுத்தால் நீங்கள் கடுமையான நோயாளி, பக்கவாட்டில் இலேசான நோயாளி. இருதயம் பலவீனமானவர்கள், நாடித்துடிப்பு ஒழுங்கற்றவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், உட்கார்ந்திருக்கும்போதே ஒட்சிசன் குறைபவர்கள் இதைப் படித்துவிட்டுப் புறப்படவே வேண்டாம். அவர்கள் பஸ்ஸில் போய்க் கதிர்காமக் கந்தனைக் கும்பிடட்டும்.

பற்றரி கொண்டுபோகலாமே என்பீர்கள். கணக்குப் பார்ப்போம். ஈரப்பதமூட்டியை நிறுத்திவிட்டால் கருவி ஓர் இரவில் 160 வாட்-மணி வரை எடுக்கலாம். ஐந்து இரவுக்கு 800. ஈயப் பற்றரியை அதன் கொள்ளளவில் பாதிக்குமேல் இறக்கக்கூடாது. ஆகவே 12 வோல்ட்டில் 130 அம்பியர்-மணி அளவில் ஒன்று வேண்டும். எடை 35 கிலோவைத் தாண்டும். அதைச் சுமந்து நடந்தால் உங்களுக்குத் தனியாகக் காவடி தேவையில்லை. லிதியம் என்றால் எட்டு, பத்துக் கிலோவில் முடியும், விலைதான் வேறு. மணலும் தூசும் கருவிக்குள் போகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். (இதே கணக்கு மாரிக்கால மின்வெட்டுக்கு உதவும். வீட்டில் 40 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்று இருந்தால் ஓர் இரவு ஓடும். பல கருவிகள் 24 வோல்ட் கேட்பவை, ஆகவே உங்கள் மாதிரிக்குரிய வோல்ட் மாற்றியை வாங்குங்கள். கம்பியை நேரே முறுக்கிக் கொடுக்காதீர்கள். ஈரப்பதமூட்டி இல்லையே என்று கவலை வேண்டாம், மட்டக்களப்புக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?)

என் யோசனை இது. மண்டூர், திருக்கோவில் என்று வீதியோரக் கோயில்களில் தங்கி நடக்கும் பகுதியை முழுமையாக நடவுங்கள். அங்கெல்லாம் மின்சாரம் உண்டு, கருவியைப் பையில் கொண்டுபோகலாம். காட்டுப் பகுதியை முடிவுசெய்வதற்கு முன், உங்கள் கிளினிக் வைத்தியரிடம் சொல்லிவிட்டு, விடுமுறை நாட்களில் இரண்டு இரவு கருவி இல்லாமல் வீட்டில் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். விரலில் மாட்டி இரவு முழுதும் ஒட்சிசனைப் பதியும் மானியை கிளினிக்கில் இரவல் கேளுங்கள். காலையில் பிரஷரை அளந்து எழுதுங்கள். மனைவி ஓரிரவாவது விழித்திருந்து பார்க்கட்டும். பிரஷர் ஏறினாலோ, ஒட்சிசன் அடிக்கடி 90 வீதத்துக்குக் கீழே போனாலோ, இந்த ஆண்டு உகந்தையோடு நின்றுவிடுங்கள். முருகன் அங்கேயும் இருக்கிறான்.

எல்லாம் நன்றாக இருந்து வைத்தியரும் சம்மதித்தால், காட்டில் உங்கள் முழு முயற்சியும் மல்லாந்து படுக்காமல் இருப்பதில் இருக்கட்டும். பழைய பனியனின் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு பையைத் தைத்து இரண்டு ரெனிஸ் பந்துகளைப் போடுங்கள். புரண்டால் குத்தும், திரும்பிக்கொள்வீர்கள். பந்து சப்பினால், சாரத்தை இறுகச் சுருட்டிய முதுகுப்பையை மாட்டியபடியே படுக்கலாம். தூக்கத்தில் கழன்றுபோகாதபடி நெஞ்சுப் பட்டியைப் பூட்டுங்கள். ஆற்றங்கரை மணலில் படுப்பது ஒரு வசதி. இடுப்பிலிருந்து தலைவரை ஒரு சரிவாக மணலைக் குவித்துப் பாயை விரியுங்கள். தலைக்கு மட்டும் உயரம் வைத்தால் கழுத்து மடிந்து தொண்டை இன்னும் ஒடுங்கும். கூட வருபவர்களில் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி, மல்லாந்தால் உருட்டிவிடச் சொல்லுங்கள்.

விரதகாரரிடம் மதுவைப் பற்றிப் பேசத் தேவையில்லை. ஆனால் கால்வலிக்கு யாராவது நீட்டும் மாத்திரையைக் கேட்டுப் பார்த்து எடுங்கள். பரசிட்டமோல் போதும், ட்ரமடோல் போன்ற கடும் வலி மாத்திரைகள் மூச்சையே மந்தமாக்கும். தடிமனுக்குப் போடும் பிரிட்டன் (Piriton) மாத்திரை தூக்கத்தைக் கூட்டும், அதுவும் வேண்டாம். மூக்கடைத்தால் உப்புநீரால் கழுவலாம், கொதித்து ஆறிய நீரால் மட்டும். ஆற்று நீரை மூக்குக்குள் விடாதீர்கள். வாயை ஒட்டும் பட்டி, மூக்குக் கிளிப் என்று கைபேசியில் வரும் விளம்பரங்களைத் தள்ளிவிடுங்கள். மூச்சு அடைபடுகிறவரின் வாயையும் ஒட்டுவது எந்த ஊர் வைத்தியம் என்று எனக்கு விளங்கவில்லை. கீழ்த்தாடையை முன்னே இழுத்து வைக்கும் பற்கருவி உண்மையில் உதவும். பல் வைத்தியர் அளவெடுத்துச் செய்து, பழகப் பல வாரம் ஆகும். அடுத்த ஆண்டுக்கு இப்போதே கேட்டு வையுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத் திணறி எழுவது, காலையில் கடுமையான தலையிடி, நடக்கும்போதே கண் சொருகுவது: இவற்றில் ஒன்று வந்தாலும் வழியில் காவலில் இருப்பவர்களிடம் சொல்லி வெளியேறிவிடுங்கள்.

இனி வான். சிகிச்சை இல்லாத நிலையில் இந்த நோயாளர்கள் விபத்தில் மாட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். காட்டில் ஐந்து இரவு, அதற்குமேல் நடைக் களைப்பு, பிறகு கதிர்காமத்திலிருந்து களுவாஞ்சிகுடிவரை நீண்ட வீதி, பின்னால் பிள்ளைகள். மூன்றாம் நாள் கதிரையில் விழுந்தவர் ஆறாம் நாள் சுக்கானைப் பிடிக்கக்கூடாது. வானைக் கொண்டுவருபவரே திருப்பி ஓட்டட்டும். கருவியை அந்த வானில் அனுப்பச் சொல்லுங்கள். மாணிக்க கங்கையில் குளித்துக் கும்பிட்ட இரவே, தங்குமிடத்தில் மின்செருகி இருக்கும் சுவர் ஓரமாக இடம்பிடித்து மாஸ்க்கைப் போட்டுப் படுங்கள். காற்று பலமாக அடிப்பதுபோல் தோன்றினால், மெல்ல ஏறும் அமைப்பில் தொடங்குங்கள். அன்றைக்குக் கனவுகள் அதிகம் வரும், பயப்பட வேண்டாம். உடம்பு பாக்கியை அறவிடுகிறது. வீட்டுக்கு வந்தும் இரண்டு மூன்று இரவு கருவியோடு நன்றாகத் தூங்கிய பிறகுதான் வான் சாவியைக் கையில் எடுக்க வேண்டும். அதுவரை அது மனைவியிடம் இருக்கட்டும்.