பை சார்ட்டில் 38 மாவட்டமா?

வெப்சைட், சார்ட், தரவு தொடர்பாக வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்டுக்காகத் தமிழக மாவட்டங்களின் மக்கள்தொகையைப் பை சார்ட்டாக வெப்சைட்டில் போட்டிருக்கிறேன். 38 மாவட்டம், 38 கலர். அழகாக இருக்கிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் எது நாமக்கல், எது கரூர் என்று எனக்கே தெரியவில்லை. என்ன செய்யலாம் சார்? – கல்லூரி மாணவர், விருதுநகர்

பதில்: அழகு என்று சொன்னவர்களிடமே "தேனி பெரிதா, கரூர் பெரிதா, சார்ட்டைப் பார்த்துச் சொல்" என்று கேளுங்கள் தம்பி, அதோடு பேச்சு நின்றுவிடும். நம் கண்ணுக்குப் பட்டைகளின் நீளத்தை ஒப்பிட நன்றாக வரும், வட்டத் துண்டுகளின் கோணத்தை ஒப்பிட அவ்வளவாக வராது. கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரண்டு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் 1984-இலேயே ஆட்களை வைத்துச் சோதித்து இதைக் காட்டிவிட்டார்கள். இத்தனைக்கும் பட்டைகளாக வரையும் பார் சார்ட்டையும், வட்டத்தைத் துண்டு போடும் பை சார்ட்டையும் கொண்டுவந்தது ஒரே ஆள்தான், ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர். பார் 1786-இல், பை 1801-இல். முதலில் வந்ததோடு அவர் நிறுத்தியிருக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

படுக்கைவாட்டில் பார் போடுங்கள். நிற்கிற பார் என்றால் 'திருவண்ணாமலை', 'கள்ளக்குறிச்சி' எல்லாம் கீழே சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று விழும், கழுத்தைத் திருப்பித்தான் படிக்க வேண்டும். பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, அச்சைப் பூஜ்யத்தில் தொடங்கி, எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிறம் கொடுத்து, உங்கள் விருதுநகருக்கு மட்டும் வேறு கலர் கொடுங்கள், போதும்.

ஆனால் கலரைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழகத்தில் இருந்தவை 32 மாவட்டங்கள்தான். தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு 2019-இல் வந்தவை, மயிலாடுதுறை 2020-இல். அப்படியிருக்க 38 மாவட்டத்துக்கும் எண் எங்கிருந்து வந்தது? தாலுகா வாரியாகக் கூட்டிப் பிரித்திருந்தால் நல்லது, அதைச் சார்ட்டுக்குக் கீழேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். எங்கிருந்தோ காப்பி என்றால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்ததாக மேப் போடத் தோன்றும். மக்கள்தொகைக்கு வேண்டாம். 2011-இல் சென்னை மாவட்டத்தில் 46 லட்சம் பேர், பரப்பளவு ஏறத்தாழ 175 சதுர கிலோமீட்டர். நீலகிரியில் 7 லட்சத்துச் சொச்சம் பேர், பரப்பளவு 2,500-க்கு மேல். மேப்பில் நீலகிரி பெரிதாகத் தெரியும், சென்னை மொபைல் திரையில் ஒரு புள்ளி. மழை மாதிரி, பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும் என்கிற விஷயத்துக்கு மேப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேட்டூர் அணை நிலவரத்தைத் தினமும் போட ஒரு வெப்சைட் நடத்துகிறேன். எங்கள் பகுதி விவசாயிகள் வாட்ஸ்அப்பில் பகிர்கிறார்கள். நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம் நான்கையும் பைக் ஸ்பீடாமீட்டர் மாதிரி முள் ஆடும் நான்கு மீட்டராக வைத்தேன். பார்க்கிறவர்கள் "அதெல்லாம் சரி, தண்ணி எத்தனை நாளைக்கு வரும்?" என்று போன் போட்டுக் கேட்கிறார்கள். – வாசகர், கும்பகோணம்

பதில்: அவர்களே சொல்லிவிட்டார்களே, உங்கள் பக்கத்தின் முதல் வரி அதுதான். திறந்து பார்க்கிறவர் நாற்று விடலாமா, இன்னும் பத்து நாள் பொறுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர். அவருக்கு முள் ஆடி என்ன ஆகப்போகிறது?

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்துவிட்டால் 1 டிஎம்சி போகும். ஒரு பேச்சுக்கு அணையில் 40 டிஎம்சி இருக்கிறது, வரத்து விநாடிக்கு 2,000 கன அடி, வெளியேற்றம் விநாடிக்கு 12,000 கன அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகரமாகக் குறைவது 10,000 கன அடி, அதாவது நாளொன்றுக்கு 0.86 டிஎம்சி. நாற்பதை அதால் வகுத்தால் 46 நாள். குடிநீருக்கு வைக்க வேண்டும், அணையை அடிவரை வறட்டவும் முடியாது, அதனால் நிஜத்தில் அதற்கும் குறைவு. ஆக மேலே பெரிய எழுத்தில் இப்படி எழுதுங்கள்: "இதே அளவில் வந்து, இதே அளவில் போனால் அதிகபட்சம் 46 நாள்." அதற்குக் கீழே நான்கு எண்களும் வெறும் எழுத்தாக. எண்ணைப் படமாக்கிப் போடாதீர்கள், சிக்னல் இல்லாத இடத்தில் படம்தான் முதலில் காலை வாரும்.

முள் மீட்டர் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, முழு நீர்மட்டம் 120 அடி. நீர்மட்டம் 60 அடியில் நின்றால் முள் நட்டநடுவில் நிற்கும், பாதி அணை இருக்கிறது என்று பார்க்கிறவர் நினைத்துக்கொள்வார். நீர்த்தேக்கம் மேலே போகப்போக அகலம், அடியில் குறுகல். 60 அடியில் இருப்பது முழுக் கொள்ளளவில் கால்வாசியை ஒட்டித்தான். ஆகையால் கோட்டுச் சார்ட் வரைவதென்றால் அடியை விட்டுவிட்டு டிஎம்சியை வரையுங்கள். இந்த வருடத்துக்கு அழுத்தமான கோடு, போன வருடம் இதே தேதிகளுக்கு மங்கலான கோடு, ஜூன் 12-இல் ஒரு குறி. பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கிற நாள் அது, அங்கேதான் எல்லார் கண்ணும் போகும்.

அப்புறம், 'இன்றைய நிலவரம்' என்று எழுதாமல் முழுத் தேதியும் 'காலை 8 மணி' என்று நேரமும் போடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஸ்கிரீன்ஷாட்டுக்கு எல்லா நாளும் இன்றுதான். எண் வராத நாளில் கோட்டைச் சேர்த்து இழுக்காமல் இடைவெளி விட்டுவிடுங்கள்.

கேள்வி: டி3 கற்றுக்கொண்டால்தான் டேட்டா விஷுவலைசேஷன் வேலை கிடைக்குமா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இல்லை. 2011-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த டி3, புரோகிராம் எழுதிச் சார்ட் வரைய அருமையான கருவி, ஆனால் ஒரு சாதாரண பார் சார்ட்டுக்கே முழம் முழமாக எழுத வேண்டும். முதலில் எக்ஸெல், புரோகிராம் எழுதாமலே சார்ட் போட உதவும் டேட்டாராப்பர் இரண்டிலும் நிறைய சார்ட் போட்டுக் கை பழகட்டும். அதில் செய்ய முடியாத ஒன்று வேண்டும் என்று எப்போது எரிச்சல் வருகிறதோ அப்போது டி3-ஐத் திறங்கள்.

கேள்வி: எங்கள் சங்க வெப்சைட்டில் மாவட்ட வாரியாகப் பட்டியல் வைத்திருக்கிறோம். அகர வரிசை என்று கொடுத்தால் கடலூர், கன்னியாகுமரி, கரூர், கள்ளக்குறிச்சி என்று வருகிறது. பெரியவர்கள் திட்டுகிறார்கள். – வாசகர், சேலம்

பதில்: திட்டுவது நியாயம்தான். ய ர ல வ ழ ள ற ன என்று படித்தவர்களுக்குக் கன்னியாகுமரி கடைசியில்தான் இருக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்தே வைக்கப்பட்டிருக்கிறது, ற என்பது ர-வுக்கு அடுத்து, வ கடைசிப் பக்கம். உங்கள் புரோகிராம் அந்த எண் வரிசையையே அகர வரிசை என்று எடுத்துக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் என்றால் வெறுமனே வரிசைப்படுத்தாமல், லோகேல்கம்பேர் என்ற ஃபங்ஷனை மொழிக்குறி டி-ஏ கொடுத்துக் கூப்பிடச் சொல்லுங்கள். கடலூர், கரூர், கள்ளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று வந்துவிடும். ஒரு வரி வேலை.

இதே கையோடு, தலைப்பை 20 எழுத்தோடு வெட்டு என்று எங்காவது எழுதியிருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஐந்து. கண்ட இடத்தில் வெட்டினால் கொம்போ புள்ளியோ போய் வேறு சொல்லாகிவிடும்.

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை நான். வெப்சைட் பொறுப்பும் என்னிடம். சுற்றறிக்கைகளை முத்திரையோடு ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆகப் போடுகிறோம். பெற்றோர் திறக்க முடியவில்லை என்கிறார்கள். முத்திரை இல்லாவிட்டால் நம்புவார்களா? – ஆசிரியை, தூத்துக்குடி

பதில்: பிடிஎஃப் இருக்கட்டும் மேடம், ஆனால் அது கீழே கிடக்கட்டும். மேலே விஷயத்தை எழுத்தாகப் போடுங்கள். "பார்வையில் காணும் கடிதத்தின்படி மேற்படி பொருள் தொடர்பாக" என்று தொடங்கும் தாளில் கடைசித் தேதி மூன்றாவது பத்தியில் ஒளிந்திருக்கும். அதை அப்படியே தட்டச்சு செய்யாமல் இப்படி எழுதிப் பாருங்கள்: "6-ஆம் வகுப்புச் சேர்க்கை. கடைசி நாள் மே 31. நேரம் காலை 10 முதல் 1 வரை, பள்ளி அலுவலகம். கொண்டுவர வேண்டியவை: மாற்றுச் சான்றிதழ், ஆதார் நகல், போட்டோ இரண்டு." கூலி வேலைக்குப் போகிற அம்மா பஸ்ஸில் நின்றபடி படித்துவிடுவார், பக்கத்து வீட்டுக்காரருக்குப் படித்தும் காட்டலாம்.

ஸ்கேன் செய்த தாள் கம்ப்யூட்டருக்கு வெறும் போட்டோ. கூகுள் தேடலில் சரியாக அகப்படாது, பார்வையற்ற பெற்றோர் வைத்திருக்கும் டாக்பேக், என்விடிஏ போன்ற மென்பொருள்களுக்கு வாசித்துக் காட்ட அதில் எழுத்தே இல்லை. தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவே, தகவலைத் தாமாக வெளியிடும்போது உள்ளூர் மொழியையும் அந்தப் பகுதிக்கு எடுபடும் முறையையும் கவனத்தில் கொள்ளச் சொல்கிறது. தலைமை ஆசிரியர் யோசித்தால் இதைக் காட்டுங்கள்.

கேள்வி: எங்கட சனசமூக நிலையத்து ஆண்டு மலர்களைப் பாமினியில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறம். இணையத்தில் ஏற்றினால் ஆங்கில எழுத்தும் குறியுமாக வருது. – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பாமினி என்பது எழுத்துரு மட்டும்தான் ஐயா. 'தமிழ்' என்ற சொல் கோப்புக்குள் ஆங்கில ஜே, கே, பி, ஓ, அதற்குப் பின் ஒரு அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது. எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளது உள்ளபடி வெளியே வந்துவிடும். எழுத்துருவையும் சேர்த்து ஏற்றிச் சமாளிக்கலாம் என்பார்கள், கேட்காதீர்கள், தேடலில் ஒரு வரிகூட அகப்படாது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்று கவனம்: கட்டுரைக்கு நடுவே உண்மையான ஆங்கிலப் பெயரோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால் அதையும் கருவி தமிழாக்கி உளறும். அவற்றை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள், பிறகு ஒருவர் மூலத் தாளோடு ஒப்பிட்டு வாசிக்கட்டும். பழைய கோப்புகளை அழித்துவிட வேண்டாம்.

கேள்வி: சந்தா கட்டியவர்களுக்குப் பச்சை, கட்டாதவர்களுக்குச் சிவப்பு என்று பட்டியலில் கட்டம் போட்டிருக்கிறேன். பொருளாளருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறதாம். – வாசகி, திருச்சி

பதில்: சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், பெண்களில் மிகக் குறைவு. நீலமும் ஆரஞ்சும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்துக்குள் 'கட்டியாயிற்று', 'நிலுவை' என்று எழுதியும் விடுங்கள், கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுக்கிறவருக்கும் அது உதவும்.