ஹிட்லர் இறந்தது எப்படித் தெரியும்? கேள்வி பதில்

ஹிட்லரின் மரணத்தை வரலாற்றாசிரியர்கள் எப்படி விசாரித்தார்கள் என்று பல வருடங்களாகப் படித்து வருகிறேன். கேள்வி கேட்கலாம் என்றதும் நிறைய வந்துவிட்டன. ஒரே ஒரு வேண்டுகோள். யார் எதைச் சொன்னாலும், சொன்னவர் அதை நேரில் பார்த்தாரா, சொன்னபோது யார் பிடியில் இருந்தார் என்று முதலில் பாருங்கள்.

கே (சேலம்): என்னதான் நடந்தது?

1945 ஏப்ரல் 30 பிற்பகல், பெர்லினில் தரைக்கடியில் இருந்த பதுங்கு அறையில் ஹிட்லர் தன்னைச் சுட்டுக்கொண்டார். முந்தின நாள் மணந்துகொண்ட ஏவா பிரவுன் சயனைடு கடித்து இறந்தார். உதவியாளர்கள் இரு உடல்களையும் தோட்டத்துக்குத் தூக்கிப்போய் பெட்ரோல் ஊற்றி எரித்தார்கள். மே 1 இரவு ஜெர்மன் வானொலி, அவர் போரிட்டு வீழ்ந்ததாக அறிவித்தது. அது பொய்.

கே (பல் மருத்துவர், கோவை): பற்களை வைத்து அடையாளம் கண்டார்கள் என்கிறார்களே, நம்பலாமா?

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மே முதல் வாரத்தில் சோவியத் ராணுவத்தின் ஸ்மெர்ஷ் உளவுப் பிரிவு தோட்டத்தில் எரிந்த உடல்களைத் தோண்டி எடுத்தது. பிரேதப் பரிசோதனை மே 8 அன்று பெர்லினின் பூக் பகுதியில் நடந்தது. முகம் அடையாளம் தெரியாத நிலை. மிஞ்சியவை தாடைகளும், விழுந்த பற்களுக்குப் பதிலாகத் தங்கத்தில் கட்டிய பல் பிரிட்ஜும்தான். அவற்றை ஒரு சிறு நகைப்பெட்டியில் போட்டு, மொழிபெயர்ப்பாளராக இருந்த எலேனா ர்ஷெவ்ஸ்காயாவிடம் ஒப்படைத்தார்கள். ஊரே வெற்றியைக் கொண்டாடிய இரவில் அவர் அந்தப் பெட்டியைக் கையிலேயே வைத்திருந்தார்.

ஹிட்லரின் பல் மருத்துவர் ஹூகோ பிளாஷ்கே பவேரியாவுக்குப் போய்விட்டிருந்தார். உதவியாளர் கேதே ஹொய்சர்மான் மட்டும் பெர்லினில் அகப்பட்டார். பெட்டியைக் காட்டும் முன்பே, ஹிட்லரின் வாயில் எந்தப் பல் எங்கே, எது கட்டியது என்று நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள். சொன்னார், பொருந்தியது. பற்களைச் செய்த தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் எக்ட்மானைத் தனியாக விசாரித்தார்கள். அவர் சொன்னதும் பொருந்தியது.

அமெரிக்கர்களிடம் பிடிபட்ட பிளாஷ்கேயும் நினைவிலிருந்தே விவரம் சொன்னார். 1944-இல் எடுத்த தலை எக்ஸ்ரேக்களும் அமெரிக்கர்களிடம் இருந்தன. இவற்றையும் சோவியத் அறிக்கையையும் சொக்னெஸ், ஸ்த்ரோம் என்ற இரு பல் நிபுணர்கள் ஒப்பிட்டு, 1973-இல் ஒரே ஆளுடைய பற்கள்தான் என்று எழுதினார்கள். பனிப்போரில் எதிரெதிராக நின்ற இரண்டு நாடுகளின் கோப்புகள் பேசி வைத்துக்கொண்டு ஒத்துப்போக வழியே இல்லை. டாக்டர், இதைவிட நல்ல சான்று கேட்க முடியுமா?

ஹொய்சர்மானுக்குக் கிடைத்த பரிசைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள், வருடக்கணக்கில் தனிச்சிறை, 1951-இல் பத்து வருடத் தண்டனை. ஹிட்லரின் பல்லுக்கு வைத்தியம் பார்க்க உதவியதே குற்றமாம். 1955-இல்தான் ஊர் திரும்பினார்.

கே (திருநெல்வேலி): அவ்வளவு தெளிவாக இருந்தால் ரஷ்யர்கள் ஏன் மறைத்தார்கள்?

மறைத்தவர் ஸ்டாலின். மே மாதமே அமெரிக்க அதிபரின் சிறப்புத் தூதர் ஹாரி ஹாப்கின்ஸிடம், ஹிட்லர் எங்கோ ஒளிந்திருக்கிறார் என்றார். ஜூன் 9 அன்று தளபதி ஷூகோவும், விமானத்தில் தப்பியிருக்கலாம் என்று நிருபர்களிடம் சொன்னார். பற்களைப் பற்றி ஷூகோவிடமே சொல்லவில்லை என்று ர்ஷெவ்ஸ்காயா பின்னால் எழுதினார். இன்று உலவும் வதந்திகளில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறந்தன.

கே (தஞ்சாவூர்): நெற்றியில் குண்டு துளைத்த ஹிட்லர் உடலின் படம் பார்த்தேனே?

அது ஹிட்லர் சாயலில் இருந்த வேறொருவர். காலில் கிழிசலைத் தைத்த காலுறை, ஹிட்லர் அதையா போட்டிருப்பார்? ரஷ்யர்களே அவரில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

கே (கல்லூரி மாணவி, மதுரை): முதலில் முறையாக விசாரித்த வரலாற்றாசிரியர் யார்?

ஹியூ ட்ரெவர்-ரோப்பர். அப்போது பிரிட்டிஷ் உளவு அதிகாரி, வயது 31. வதந்தியை முடிவுக்குக் கொண்டுவர 1945 செப்டம்பரில் அவரை நியமித்தார்கள். உடல், பல், நேரில் பார்த்த முக்கியச் சாட்சிகள் எல்லாம் ரஷ்யர்கள் கையில். இவருக்குக் கிடைத்தவர்கள் மேற்கத்திய முகாம்களில் இருந்த காவலர், டிரைவர், செயலாளர் போன்றவர்கள். பெட்ரோல் கொண்டுவந்த டிரைவர் கெம்ப்கா ஒருபுறம், உடல்கள் எரிவதைப் பார்த்த காவலர் கார்னாவ் இன்னொருபுறம். தனித்தனியாகக் கேட்டு, நேரங்களை ஒன்றோடொன்று பொருத்தி, நவம்பர் 1 அன்று அறிக்கை தந்தார். பிறகு கிடைத்த உயிலும் திருமணச் சான்றிதழும் அதை உறுதிப்படுத்தின.

உன் பாடத்துக்கு ஒரு குறிப்பு: கார்னாவ் தேதியில் தடுமாறினார். அதனால் அவர் சொன்னதை முழுக்கத் தள்ளிவிடவில்லை. தேதிக்கு வேறு சாட்சியைத் தேடினார்கள்.

கே (கரூர்): 1983-இல் போலி ஹிட்லர் டைரிகளை நிஜம் என்றவரும் அவர்தானே?

ஆமாம். பெரிய பிழை. தாளில் போருக்குப் பிந்தைய ரசாயனம் இருந்ததை ஆய்வகம் காட்டிவிட்டது. 1945 அறிக்கை நிற்பது அவர் பெயரால் அல்ல, அதன் சாட்சிகளால்.

கே (நாகர்கோவில்): அர்ஜென்டினாவுக்கு நீர்மூழ்கிக் கப்பலில் போனாராமே?

யு-530 ஜூலையிலும் யு-977 ஆகஸ்டிலும் அங்கே சரணடைந்தன. இரண்டு கப்பல்களையும் விசாரித்தார்கள், ஹிட்லர் வந்ததற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாஜி அதிகாரி ஐக்மான் நிஜமாகவே அர்ஜென்டினாவில் பிடிபட்டதால் இந்தக் கதைக்கு உயிர் போகாமல் இருக்கிறது.

கே (ஈரோடு): ஹிட்லருடையது என்று ரஷ்யர்கள் வைத்திருந்த மண்டை ஓடு ஒரு பெண்ணுடையது என்று 2009-இல் டிஎன்ஏ சொன்னதே! மொத்தமும் பொய் என்று ஆகிவிடாதா?

ஆகாது. 1945-இல் அடையாளம் கண்டது பற்களை வைத்து. அந்த மண்டை ஓட்டுத் துண்டு 1946-இல் மறுபடி தோண்டியபோது கிடைத்தது.

கே (ஈரோடு, மறுபடி): இரண்டும் ஒரே குழியில் கிடைத்தவைதானே? ஒன்று பொய் என்றால் மற்றது எப்படி நிஜம்?

நல்ல கேள்வி. அந்தத் தோட்டத்தில் குண்டு மழை பொழிந்திருக்கிறது, பலர் செத்திருக்கிறார்கள், குழியை ஒரு வருடம் யாரும் பாதுகாக்கவில்லை. துண்டு வேறொருவருடையது என்றால், "தலையில் குண்டு பாய்ந்த அடையாளம் கிடைத்தது" என்ற 1946 முடிவு மட்டும்தான் விழும். பற்கள் வேறு நாளில், வேறு கையில், வேறு ஆட்களால் சோதிக்கப்பட்டவை.

கே (புதுச்சேரி): நான் ஈரோட்டுக்காரர் பக்கம். 1945 சோவியத் பிரேதப் பரிசோதனை அறிக்கை விஷம் என்றது. நீங்கள் துப்பாக்கி என்கிறீர்கள். அறிக்கையில் வேண்டியதை மட்டும் எடுக்கிறீர்கள்.

இதற்குக் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும். பல்லைப் பொருத்துவது ஒரு வேலை, சாவுக்குக் காரணம் சொல்வது வேறு வேலை. மண்டையின் ஒரு பகுதியே இல்லாத, கருகிய உடலில் குண்டுக் காயம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? அறைக்குள் போன வேலையாள் லிங்கேயும் உதவியாளர் குன்ஷேயும் துப்பாக்கிச் சூடு என்றார்கள். இருவரும் பத்து வருடம் சோவியத் சிறையில் இருந்தவர்கள், அங்கே கடுமையாக விசாரிக்கப்பட்டவர்கள். விடுதலையான பிறகு ஜெர்மன் நீதிமன்றத்திலும் அதையே சொன்னார்கள். எந்தப் பக்க நெற்றிப்பொட்டு என்பதில் சாட்சிகள் மாறுபடுகிறார்கள். சுட்டார் என்பதில் இல்லை. விஷம் குடித்த கோழை என்ற படம் மாஸ்கோவுக்கு வசதியாக இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். யார் பிடியில், யாருக்காக எழுதிய அறிக்கை என்று பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

கே (ஈரோடு, மூன்றாவது முறை): அப்படியானால் பற்களை இன்று யாராவது பார்த்தார்களா?

பார்த்தார்கள். 2017-இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபிலிப் ஷார்லியே குழு மாஸ்கோவில் பற்களை ஆராய்ந்து, அவை ஹிட்லருடையவைதான் என்று 2018-இல் வெளியிட்டது. பற்காரையில் இறைச்சி நார் இல்லை. அவர் சைவ உணவுக்காரர்.

கே (கடலூர்): அர்ஜென்டினா பற்றி...

மேலே பாருங்கள்.

கே (வேலூர்): அமெரிக்க உளவுத்துறைக் கோப்பிலேயே கொலம்பியாவில் இருந்ததாக உள்ளதே?

ஒருவர் வந்து சொன்னதைக் கோப்பில் எழுதி வைத்தார்கள். எழுதி வைத்தது வேறு, நம்பியது வேறு. அர்ஜென்டினா, கொலம்பியா, ஸ்பெயின் கேள்விகள் இன்னும் பதினொன்று இருக்கின்றன. தயவுசெய்து இதையே எல்லாவற்றுக்கும் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கே (சென்னை): நேதாஜி மரணம் பற்றியும் சொல்லுங்களேன்.

அதற்கு ஷா நவாஸ், கோஸ்லா, முகர்ஜி என்று மூன்று விசாரணைகளின் அறிக்கைகள் உள்ளன. அவற்றை ஆழமாகப் படித்தவரிடம் கேளுங்கள்.

கே (மாணவி, மதுரை): உடலை இப்போது டிஎன்ஏ பார்க்க முடியாதா?

உடலே இல்லையம்மா. மாக்டபுர்க்கில் சோவியத் முகாமுக்குள் புதைத்து வைத்திருந்தார்கள். 1970 ஏப்ரலில் சோவியத் உளவுத்துறை கேஜிபியின் தலைவர் ஆந்த்ரோபோவ் உத்தரவுப்படி தோண்டி, எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டார்கள். பற்கள் மட்டும் மாஸ்கோவில் இருக்கின்றன. கட்டுரை எழுதுவதானால் ஹொய்சர்மானுக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கு.