டிஸ்க்கில் வருவது அசல் 4கே தானா?

லாஸ்பேட்டை: அண்ணே, அல்ட்ரா எச்டி புளூரே டிஸ்க் வாங்கினேன். அட்டையில் 4கே என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

டிஸ்க்கில் 3840 × 2160 புள்ளிகள் இருக்கும். அதில் பித்தலாட்டம் கிடையாது. படத்தை ஸ்டூடியோவில் எதில் முடித்தார்கள் என்று பாருங்கள் தம்பி, விஷயம் அங்கேதான். 2000-களிலும் 2010-களிலும் கிராஃபிக்ஸ் நிறைந்த பெரிய படங்கள் பலவற்றுக்கு மாஸ்டர் (முடித்து வைக்கும் மூலப் பிரதி) 2கே, அதாவது 2048 புள்ளி அகலம்தான். கேமரா அதைவிட நுணுக்கமாக எடுத்திருந்தாலும் அந்த விவரம் அங்கேயே போய்விட்டது. பிறகு பெரிதாக்கி டிஸ்க்கில் ஏற்றுகிறார்கள். கூத்து என்னவென்றால், 1960-களில் 35 எம்.எம். ஃபிலிமில் எடுத்த படம் சில சமயம் இவற்றைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். நெகட்டிவ் கெடாமல் இருந்து 4கே-யில் ஸ்கேன் செய்தால் மேக்கப் திட்டு, காலர் தையல் எல்லாம் தெரியும்.

அதே வாசகர்: அப்போ 2கே மாஸ்டர் படத்தை வாங்கினால் காசு தண்டமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். பழைய புளூரேயில் நிறத்துக்கு 8 பிட், ஒவ்வொரு நிறத்திலும் 256 படிகள். இதில் 10 பிட், 1024 படிகள், கூடவே எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே அகலமான வீச்சு. சாயங்கால வானம் பட்டை பட்டையாக உடையாமல் வழுவழுவென்று வரும். என்னைக் கேட்டால் புள்ளி எண்ணிக்கையைவிட இதற்குத்தான் காசு கொடுக்கலாம். வெளிச்சம் குறைந்த மலிவு டிவியில் மட்டும் எச்டிஆர் பெயருக்குத்தான்.

மஞ்சக்குப்பம், கடலூர்: ஓடிடியிலேயே 4கே வருதே சார்?

வருகிறது, ஆனால் பிழிந்து வருகிறது. ஓடிடியில் பொதுவாக நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட். 100 ஜிபி டிஸ்க்கில் 128 வரை போகலாம். மழை, புகை, இருட்டுக் காட்சி மூன்றையும் போட்டுப் பாருங்கள். கறுப்பில் கட்டம் கட்டமாக நெளிந்தால் அது ஓடிடி.

முத்தியால்பேட்டை: பாரிஸிலிருந்து மாமா கொண்டுவந்த புளூரே என் பிளேயரில் ஓடவில்லை. 4கே டிஸ்க்காவது ஓடுமா?

நம்ம புதுச்சேரியில் பாதி வீட்டில் இந்தக் கதைதான்! ஒரு வட்டார டிஸ்க் இன்னொரு வட்டார பிளேயரில் ஓடாதபடி ரீஜன் பூட்டு போடுவார்கள்; புளூரேக்கு பிரான்ஸ் பி ரீஜன், இந்தியா சி ரீஜன். அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டே இல்லை, மாமாவிடம் தைரியமாகச் சொல்லி அனுப்புங்கள். பெட்டியில் கூடவே வரும் சாதா புளூரே மட்டும் அடம்பிடிக்கலாம். பிளேயரும் அல்ட்ரா எச்டியாக இருக்க வேண்டும். டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 போதும்; பிளேஸ்டேஷன் 4 புரோவில் ஓடாது.

திருப்பாதிரிப்புலியூர்: 55 இன்ச் டிவி, சோபா 10 அடி தள்ளி. வித்தியாசம் தெரியுமா?

கூர்மையில் தெரியாது. அந்த அளவு டிவியில் சுமார் 7 அடிக்கு மேல் போனால் ஃபுல் எச்டியின் 1080 வரிசைப் புள்ளிகளையே சராசரிக் கண் பிரித்துப் பார்க்காது. சோபாவை முன்னால் தள்ளுங்கள், வீட்டம்மா சம்மதித்தால். நிறமும் வெளிச்சமும் எங்கே உட்கார்ந்தாலும் தெரியும்.

முதலியார்பேட்டை: ரோட்டோரக் கடையில் 4கே டிவிடி விற்கிறார்களே?

டிவிடியில் படம் 720 × 576 தான். அட்டைக்கு மட்டும் 4கே.

லாஸ்பேட்டை, மறுபடியும்: டிஸ்க் போட்டேன் அண்ணே, எச்டிஆர் வரவே இல்லை.

டிவி செட்டிங்கில் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டின் சிக்னல் ஃபார்மேட் 'ஸ்டாண்டர்ட்' என்று இருக்கும். 'என்ஹான்ஸ்டு' என்று மாற்றுங்கள். சில டிவியில் எல்லா போர்ட்டும் இதற்கு ஒத்துவராது. வரவில்லை என்றால் போர்ட்டை மாற்றிச் செருகுங்கள்.